சோலார் போட்ட மலைவீடு வாங்கலாமா? அண்டர்பெர்க் குறிப்புகள்

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வாசகர், 12 மே 2024

இங்கே தென்னாப்பிரிக்காவில், டிராக்கென்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் ஒரு மரக் கேபின் விலைக்கு வருகிறது. கரண்ட் லைன் கிடையாது, ஆனால் சோலார் முழுவதும் போட்டே இருக்கிறது. சோலாருக்கென்று மட்டும் விற்பவர் ஒன்றரை லட்சம் ராண்ட் சேர்த்துக் கேட்கிறார். நாமே புதிதாகப் போட்டால் இதைவிடக் கூடுதலாக ஆகும். அப்புறம் வாழ்நாள் முழுக்க கரண்ட் பில்லும் இல்லை. லாபம்தானே?

13 மே 2024

லாபம் இல்லை, தம்பி. இதே கணக்கைப் போட்டுத்தான் 2023 ஆகஸ்டில் அதே மலையடிவார ஊர்களான அண்டர்பெர்க்குக்கும் ஹைம்வில்லுக்கும் நடுவில் ஒரு கேபின் வாங்கினேன். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருஷம் அது. சோலார் என்ற சொல் காதில் விழுந்தாலே கை பர்ஸுக்குப் போகும். இப்போது மார்ச் 26-இலிருந்து லோட் ஷெட்டிங் இல்லை. உங்களுக்குப் பேரம் பேச இடம் இருக்கிறது, எனக்கு அது இல்லை.

என்னுடையது 330 வாட் பேனல் ஆறு, 48 வோல்ட்டில் ஓடும் 5 கேவிஏ இன்வெர்ட்டர், 105 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி எட்டு. காகிதத்தில் 10 யூனிட் சேமிப்பு. லெட் ஆசிடைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் நிற்பது 5 யூனிட். முதல் வாரக் கடைசியிலேயே இரவு ஒன்பதரைக்கு எல்லாம் அணைந்தது. மாமியார் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே, "இதுக்குத்தானா மலை ஏறி வந்தோம்?" என்றார்.

பழைய சோலாருக்கு விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அவ்வளவுதான்.

13 மே 2024, இரவு

ஒன்று விட்டுப்போனது. பேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, அதனால் பேனல் வடக்கைப் பார்க்க வேண்டும், சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தப்பா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "தெற்கே திருப்புடா, யார் மாட்டினது இப்படி?" என்று சத்தம் போட்டார். அவர் மாடியில் தெற்குதான் சரி. பூமத்திய ரேகையைத் தாண்டி வந்தால் இதுவும் தலைகீழ் என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. வாஸ்து பற்றி அவர் ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

19 மே 2024

பேட்டரியை எப்படிச் சோதிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

விற்பவர் மீட்டரைக் காட்டுவார். என்னிடமும் காட்டினார். 51 வோல்ட், 100 சதவீதம் என்று பச்சை எழுத்தில் இருந்தது, நான் மயங்கினேன். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சும்மா நிற்கும்போது 12.7 வோல்ட் காட்டும். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். அந்தச் சதவீதமும் வோல்டேஜைப் பார்த்து இன்வெர்ட்டர் போடும் உத்தேசக் கணக்குதான்.

சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு போங்கள். பேனல் உதவிக்கு வரக் கூடாது. எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்த ஒரு பொருளை மாட்டுங்கள். நான் மாட்டியது 600 வாட் ஹீட்டர். நல்ல நிலையில் இருந்தால் என் பேட்டரிகள் பாதி அளவுக்கு இறங்க ஏழு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு மணி இருபது நிமிஷத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. 5 யூனிட் என்று நான் காசு கொடுத்தது 1.4 யூனிட்டுக்கு.

இந்தச் சோதனையை வாங்கிய பிறகு செய்தேன் என்பதுதான் என் புத்திசாலித்தனம். வாங்குவதற்கு முன் விற்பவர் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கும். ஒரு ஃப்ளாஸ்க் டீ கொண்டு போங்கள்.

2 ஜூன் 2024

பேட்டரிக்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்றார் பழைய உரிமையாளர். நேற்று டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஐந்து வருஷம். மனுஷன் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். நம் ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வார்த்தை இருக்கும், உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். அது இருந்தாலும், தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்து விற்றால் விற்றவர் தப்ப முடியாது. ஆனால் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிப்பது நம் தலையில். எட்டு பேட்டரிக்காக அந்த அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சிஓசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீடு கைமாறும்போது வீட்டு மின் அமைப்புக்கான இந்தச் சான்றிதழ் கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, அதற்குப் பிறகு வயரிங்கில் கை வைத்திருந்தாலும் செல்லாது. என் சிஓசியில் விளக்கும் பிளக் பாயின்ட்டும் இருந்தன, சோலார் பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று அதை நான் படிக்கவில்லை. பிறகு இன்சூரன்ஸ்காரர் படித்தார். சமையலுக்கும் வெந்நீருக்கும் காஸ் லைன் இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ், அதையும் மறக்காதீர்கள்.

2 ஜூன் 2024, கொஞ்சம் கழித்து

காஸ் என்றதும் ஞாபகம் வந்தது. என் பேட்டரி எட்டும் சமையலறைக்குப் பின்னால் ஒரு மூடிய மரப்பெட்டியில் இருந்தன. தண்ணீர் ஊற்றும் ரக பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அதே சுவரில், ஒரு முழம் தள்ளி, காஸ் கீஸர். பொறி அடித்துப் பற்றவைக்கும் கீஸர். ஆறு மாதம் அதில் குளித்திருக்கிறோம். மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

8 ஜூலை 2024

இன்று காலை நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ராத்திரி நல்ல உறைபனி, காலையில் புல் எல்லாம் வெள்ளை. ஏழேகாலுக்கு வெயில் பேனலில் விழுந்ததும் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. அரை மணி கழித்து தானாகவே சரியானது. போன வாரமும் இப்படித்தான். இன்வெர்ட்டர் பழுது, அதுவும் போச்சு என்று தலையில் கை வைத்திருந்தேன்.

பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 46.2, அதாவது எதிலும் இணைக்காதபோது கிடைப்பது. மூன்று பேனலைத் தொடராக மாட்டியிருக்கிறார்கள், 138.6 வோல்ட். இன்வெர்ட்டர் தாங்குவது 145. பார்த்தால் சரிதான். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் 25 டிகிரிக்கு. குளிர்ந்தால் பேனல் வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். மைனஸ் 5 என்றால் 30 டிகிரி கீழே, 9 சதவீதம் மேலே. 138.6 என்பது 151 ஆகிறது. இன்வெர்ட்டர் கத்தியது பழுதினால் இல்லை, பயத்தினால்!

டர்பன் கடற்கரையில் இதே இணைப்பு இருபது வருஷம் ஒரு சத்தமும் போடாமல் ஓடும். 1,500 மீட்டருக்கு மேலே, ஜூலை மாதத்தில்தான் இது வெளியே வரும். வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் டிசம்பர் விடுமுறையில் போய் இடம் பார்க்கிறோம், அதைச் சொல்ல வேண்டும்.

11 ஜூலை 2024

எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு இரண்டாகத் தொடர், அப்படி மூன்று வரிசை பக்க இணைப்பில் என்று மாற்றிக் கொடுத்தார். இப்போது 92 வோல்ட், உறைபனியிலும் நூறைச் சுற்றித்தான். மூன்று வரிசை ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும் என்றார். ஒரு பேனல் கெட்டால் மற்ற இரண்டு வரிசையின் மின்சாரமும் அதற்குள் பாயுமாம்.

யாரும் பகலில் பேனல் வயரை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். டிசி பொறி அணையாமல் நீளும். எலக்ட்ரீஷியன் கட்டைவிரலில் தழும்பு காட்டினார்.

25 ஆகஸ்ட் 2024

ஜூன் 2-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை.

வேறு ஒரு காரணத்துக்காக அவருக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது (வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள தண்ணீர்க் குழாய் யாருடையது என்பது வழக்கு). பேச்சோடு பேச்சாக பேட்டரி வயதைக் கேட்டேன். எட்டில் இரண்டு செத்துப்போய், அந்த இரண்டை மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றினாராம். "புது பேட்டரி போட்டேன்" என்றதை நான் எட்டும் புதிது என்று எடுத்துக்கொண்டேன். நான் டார்ச் அடித்துப் பார்த்தது பின்வரிசை. புதியவை முன்வரிசையில், என் மூக்குக்கு நேரே இருந்திருக்கின்றன.

நேர்மை வேறு, நல்ல வேலை வேறு. பழைய பேட்டரிகளோடு இரண்டு புதியதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கிழடாகும். ஆனால் அவருக்கு அது ஒருநாளும் பிரச்சினையாகவே இல்லை. ஏன் என்பதுதான் கதை.

அவர் தனியாள். இரவு ஏழரைக்குத் தூங்கிவிடுவார். ஃபிரிட்ஜ் காஸில் ஓடியது, போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிவி கிடையாது, ஒரு ரேடியோ. தூங்கும் முன் இன்வெர்ட்டரையே அணைத்துவிடுவாராம். "அப்போ ராத்திரி பாத்ரூம் போக வெளிச்சம்?" என்று கேட்டேன். அதற்குத்தான் 12 வோல்ட்டில் தனியாக ஒரு லைன் இழுத்து நாலு சின்ன விளக்கு போட்டிருந்தாராம். மெல்லிய வெள்ளை வயர், கூரையோரமாக ஓடும், கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச்.

அந்த வயரை எனக்குத் தெரியும். குடிபோன முதல் வாரமே, ஏதோ பழைய குப்பை என்று நானும் மச்சானும் முழுவதையும் உருவி எடுத்துச் சுருட்டி பக்கியில் (சின்ன பிக்கப் வண்டி) போட்டுக் கொண்டுபோய் எறிந்தோம்.

அவரிடம் சொல்லவில்லை. "நல்லா எரியுது" என்று சொல்லி வைத்தேன்.

26 ஆகஸ்ட் 2024

இன்வெர்ட்டரை ஏன் இரவில் அணைத்தார் என்று யோசித்துக்கொண்டே தூக்கம் வரவில்லை. காலையில் அளந்தேன். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, எதுவும் ஓடாதபோது இன்வெர்ட்டர் தனக்கென்று இழுப்பது 50 வாட். 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். நாங்கள் வாங்கி வைத்த சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 0.8 யூனிட். ஆக, வீட்டிலேயே பெரிய தீனிக்காரன் சோறு பரிமாறுகிறவன்தான்.

சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழு வரை அவன் பங்கே அரை யூனிட்டுக்கு மேல். என் 1.4 யூனிட் பேட்டரிக்கு அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய உரிமையாளர் இன்வெர்ட்டரை இன்னொரு காரணத்துக்காகவும் ஞாபகம் வைத்திருந்தார். முதல் இன்வெர்ட்டர் ஒரு குளிர்காலத்தில் புகைந்து போயிற்றாம். எந்த மாதம் என்றேன். ஜூலை. மேலே ஜூலை 8 குறிப்பைப் பாருங்கள்.

22 செப்டம்பர் 2024

பனியில் மாட்டிக்கொண்டோம். என்3 சாலையை வான் ரீனன் கணவாயில் மூடிவிட்டார்கள் என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாதை அது இல்லை, மாரிட்ஸ்பர்க் தாண்டி ஆர்617-இல் புல்வர் வழியாக வருவோம். ஆனாலும் வாசல் கேட்டைத் தாண்டவே வழியில்லை.

நேற்று புரட்டாசி முதல் சனி. மனைவி விரதம். பனி மூடிய பேனலிலிருந்து வந்தது சுத்த பூஜ்யம். பதினொரு மணிக்கு நீளக் கம்பில் பிளாஸ்டிக் துடைப்பத்தைக் கட்டி அவள்தான் தள்ளிவிட்டாள், நான் கீழே நின்று யோசனை சொன்னேன். ஓரமாகக் கொஞ்சம் பேனல் தெரிந்ததும் மிச்சப் பனி தானாகச் சறுக்கி என் தலையில் விழுந்தது. சாம்பாரும் அப்பளமும் காஸில். காஸ் இல்லாமல் மின்சார அடுப்பை நம்பி இருந்தால் விரதம் எல்லாருக்கும்தான்.

6 அக்டோபர் 2024

குளிர்காலத்தில் சோலார் படுத்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐரோப்பாக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே குளிர்காலம் வறண்ட காலம். பகல் குட்டை, ஆனால் வானம் துடைத்த கண்ணாடி, பேனலும் குளிர்ந்து இருப்பதால் நன்றாகவே வேலை செய்கிறது. எங்களைக் கைவிடுவது டிசம்பர், ஜனவரி. காலையில் மூடுபனி, மதியத்துக்கு மேல் இடி மழை, சில சமயம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் மலையே தெரியாது. நல்ல நாளில் ஏழு யூனிட் வரும் இடத்தில் ஒன்று வந்தால் அதிகம்.

இடி என்றேனே, பேனல் பக்கமும் வீட்டுப் பக்கமும் மின்னலால் வரும் அதிவோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா, எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குள் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னுடையது சிமென்ட் தரைக்குள் ஒரு சாண் போய் நின்றிருந்தது.

17 நவம்பர் 2024

பேட்டரியை மாற்றியாயிற்று. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் ஒன்று. 5.12 யூனிட், அதில் பெரும்பகுதியைத் தாராளமாக எடுக்கலாம். கொடுத்த விலை 20,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. பழைய எட்டும் போன இடத்தில் இது ஒரு சூட்கேஸ் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் இல்லை, உள்ளே, படுக்கையறைச் சுவரோரம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் சார்ஜ் ஏற்கக் கூடாது, உள்ளே இருக்கும் காவல்கார மின்சுற்று தடுத்துவிடும். உறைபனி ஊரில் வெளிச்சுவரில் மாட்டினால் ஜூலைக் காலையில் வெயில் வீணாகும்.

இன்வெர்ட்டரில் லெட் ஆசிடுக்கென்று போட்டிருந்த சார்ஜ் செட்டிங்கை மாற்ற வேண்டும். குறிப்பாக ஈக்குவலைஸ் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்த வேண்டும். அது பழைய பேட்டரிக்கு மருந்து, லித்தியத்துக்கு விஷம்.

இப்போது மே 13 குறிப்பைத் திருத்துகிறேன். விலை பூஜ்யம் என்றது கோபத்தில் எழுதியது. பேனலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வெயில் நாளில் உச்சிப் பொழுதில் பார்த்தேன், 1,980 வாட்டுக்கு 1,650 வருகிறது. பழைய பேனலுக்கு இது நல்ல மதிப்பெண். இரும்புச் சட்டம், திருட முடியாத போல்ட், மண்ணுக்குள் ஓடும் தடித்த கேபிள் எல்லாம் புதிதாகப் போட்டால் கூலியே கண்ணைக் கட்டும். அதனால் பேனலுக்கும் சட்டத்துக்கும் பாதி விலை கொடுக்கலாம். இன்வெர்ட்டருக்கு, ஓடினால், கொஞ்சம். பேட்டரிக்கு மட்டும் பூஜ்யம், சோதித்துக் காட்டினாலொழிய.

18 நவம்பர் 2024

"ராண்டைச் சொல்லு, கதை சொல்லாதே" என்று ஒரு அண்ணன். பேட்டரி, ஃபியூஸ், அரெஸ்டர், எலக்ட்ரீஷியன், புது சிஓசி எல்லாம் சேர்த்து 41,000. 12 வோல்ட் விளக்கு லைனை மறுபடி போட 2,300. இந்த 2,300 முழுக்க என் மடமைக்கு.

24 பிப்ரவரி 2025

நேற்று லோட் ஷெட்டிங் கடுமையாகி ஸ்டேஜ் 6-க்குப் போயிற்று. நாங்கள் மேலே இருந்தோம். இரவு எட்டுக்கு மாமியார் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து போன் செய்து, "இங்க இருட்டு, அங்க எப்படி?" என்றார். ஃபிரிட்ஜ் ஓடுகிறது, நாலு விளக்கு எரிகிறது, 71 சதவீதம் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அடுத்த வாரம் நானும் வரேன். என் கெட்டில கொண்டு வரலாமா?"

2,000 வாட் கெட்டில். கூடாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மதியம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும் என்று ஒப்பந்தம்.

9 மார்ச் 2025

சோலாரையே பேசி மற்றதை விட்டுவிட்டோம் என்று ஒருவர் குறைப்பட்டார். நியாயம்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துப் பண்ணை வழியாகத்தான் பாதை என்றால் அந்த வழியுரிமை பத்திரத்தில் பதிவாகியிருக்க வேண்டும், வாய்ப்பேச்சு அடுத்த உரிமையாளரைக் கட்டாது. கூரைத் தண்ணீருக்குக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், ஆனால் குளிர்காலத்தில் பல வாரம் ஒரு சொட்டும் கிடையாது, தொட்டி அதற்குத் தாங்க வேண்டும். ஆகஸ்ட் காற்றில் புல்லுக்குத் தீ பிடித்தால் மரவீடு நிற்காது. நிலத்தைச் சுற்றித் தீத்தடுப்புப் பட்டை போடுவது 1998-ஆம் வருஷச் சட்டப்படி உரிமையாளர் கடமை, அதற்கும் வருஷா வருஷம் ஆள்கூலி உண்டு.

பபூன் குரங்குகள் பற்றித் தனியாக எழுத வேண்டும். பேனல் சட்டம் அவற்றுக்கு ஊஞ்சல்.

1 ஜூன் 2025

கேள்வி கேட்ட ஃபீனிக்ஸ் தம்பி ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறார். அந்தக் கேபினை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம், இப்போது புல்வர் பக்கம் இன்னொன்று. விற்பவர் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று கேட்டுவிட்டேன் அண்ணா, பத்தரை, டிவி பார்ப்பார், ஃபிரிட்ஜ் கரண்டில்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றாதது. ஹீட்டர் சோதனையும் செய்தாராம். டீக்கு பதிலாக விற்பவரின் மனைவி பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கொடுத்தாராம்.

பேனல் நாலும் ஒரே தொடராக மாட்டியிருக்கிறது என்று சொல்கிறீர்கள், தம்பி. பேனல் ஸ்டிக்கரும் வேண்டும், இன்வெர்ட்டர் பக்கவாட்டு ஸ்டிக்கரும் வேண்டும். நீங்கள் போட்ட ஸ்டிக்கர் படத்தில் எண் 4-ஆ 9-ஆ என்று தெரியவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் கிட்டத்தில் வைத்து மறுபடி எடுத்துப் போடுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.